ஸோனுக்குள் விலையை வைக்காதீர்கள்: அரங்க இருக்கைகளை டிக்கெட் அமைப்பில் பிரிப்பது பற்றி

பிரிக்பீல்ட்ஸில் நடனப் பள்ளி நடத்தும் குழுவைச் சேர்ந்த ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி, சுருக்கமாக இதுதான். கோலாலம்பூரில் 500 இருக்கைகள் கொண்ட அரங்கில் நாட்டிய நாடகம். சனிக்கிழமை இரவு ஒரு காட்சி, ஞாயிறு மதியம் ஒரு காட்சி. டிக்கெட் விற்கும் கணினி அமைப்பில் '150 வெள்ளி' (ரிங்கிட்), '100 வெள்ளி', '60 வெள்ளி', '30 வெள்ளி' என்று நான்கு ஸோன்கள், அதாவது இருக்கைப் பிரிவுகள், போட்டிருக்கிறார்கள். சனிக்கிழமைக்கு ஏறக்குறைய 80 டிக்கெட் விற்றாகிவிட்டது. ஞாயிறு மதியத்துக்கு விலையைக் கொஞ்சம் குறைக்கலாம், அதுவும் பக்கவாட்டு இருக்கைகளுக்கு மட்டும் குறைத்தால் போதும் என்று குழு முடிவு செய்திருக்கிறது. ஆனால் அமைப்பில் அதைச் செய்ய முடியவில்லை. '100 வெள்ளி' ஸோனைத் தொட்டால் அதிலுள்ள எல்லா இருக்கைகளும் சேர்ந்தே மாறுகின்றன. எத்தனை ஸோன் வைப்பது சரி, எப்படிப் பிரிப்பது என்பது கேள்வி.

பல ஆண்டுகளாக அரங்க டிக்கெட் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இது ரொம்பப் பேருக்கு வரும் சிக்கல். வேர் ஒன்றுதான். ஸோன் என்பது விலை இல்லை. விலை மாறும்போது எந்த இருக்கைகள் எல்லாம் ஒன்றாகவே மாற வேண்டும் என்று நீங்கள் முன்கூட்டியே எடுக்கும் முடிவுதான் ஸோன்.

பெரிய டிக்கெட் அமைப்புகள் எல்லாம் இந்தப் பிரிவினையை அடித்தளமாக வைத்தே கட்டப்பட்டவை. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபராவில் அவர்களுடைய சொந்தத் தேவைக்காக உருவாகி, இன்று உலகம் முழுக்கப் பல கலை நிறுவனங்கள் பயன்படுத்தும் டெஸிட்டூராவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கை வரைபடம் தனி, அதன் மேல் விரிக்கும் ஸோன் வரைபடம் தனி, டிக்கெட் வகை தனி, விலை தனி. ஒரே அரங்குக்கு நான்கைந்து ஸோன் வரைபடங்களைச் செய்து வைத்துக்கொண்டு, எந்தக் காட்சிக்கு எது என்று பொருத்தலாம். சிறிய அமைப்புகளில் பெயர்கள் வேறாக இருக்கும், சிலவற்றில் இரண்டு படிகளை ஒன்றாகச் சுருக்கியிருப்பார்கள். ஆனாலும் கேள்வி அதேதான்: இந்த இருக்கை எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது? அந்தக் கூட்டத்துக்கு, இந்தக் காட்சியில், இந்த வகை டிக்கெட்டுக்கு என்ன விலை?

இதிலிருந்து ஒரு விதி தானாக வருகிறது. இரண்டு ஸோன்களுக்கு ஒரே விலை வைக்கலாம். ஒரே ஸோனுக்குள், ஒரே வகை டிக்கெட்டுக்கு, இரண்டு விலை வைக்க முடியாது. ஆகவே விலைகளின் எண்ணிக்கையைவிட ஸோன்களின் எண்ணிக்கை கூடுதலாக இருக்க வேண்டும். நான்கு விலை என்றால் ஏழெட்டு ஸோன். விலையைச் சேர்ப்பது பட்டியலில் ஓர் எண்ணை மாற்றும் வேலை. ஸோனைப் பிரிப்பதோ, விற்பனை தொடங்கிய பிறகு, பல அமைப்புகளில் முடியாத வேலை. முடிந்தாலும், ஏற்கனவே விற்ற டிக்கெட்டின் கணக்கும், மாற்றிக் கொடுக்கும்போது வரும் வித்தியாசத் தொகையும், அறிக்கைகளும் குழம்பிப்போகும்.

உங்கள் அரங்கையே எடுத்துக்கொள்வோம். வரைபடம் என் கையில் இல்லாததால் எண்களை நானே வைத்துக்கொள்கிறேன், உங்களுடையதைப் போட்டு மாற்றிப் பாருங்கள். கீழ்த்தளத்தில் முதல் மூன்று வரிசைகளின் நடுப்பகுதி 42 இருக்கைகள். 4ஆம் வரிசையிலிருந்து 10ஆம் வரிசை வரை நடுப்பகுதி 112. அதே வரிசைகளின் இரு பக்கங்களும் சேர்த்து 84. 11ஆம் வரிசையிலிருந்து கடைசி வரை நடுவில் 96, பக்கங்களில் 66. மாடியில் முதல் இரண்டு வரிசை 44, மீதி 48. தூணோ கம்பியோ மறைக்கும் இருக்கைகள் 8. மொத்தம் 500. எட்டு ஸோன்கள்.

சனி இரவுக்கு: 4 முதல் 10 வரையான நடுப்பகுதிக்கு 150 வெள்ளி. முன் மூன்று வரிசை, முன் பக்கங்கள், மாடி முன்வரிசைகள் மூன்றுக்கும் 100. பின் நடு, பின் பக்கம் இரண்டுக்கும் 60. மாடியின் மீதிக்கும் மறைக்கும் இருக்கைகளுக்கும் 30. எல்லா இருக்கையும் முழு விலைக்குப் போனால் 45,200 வெள்ளி. ஞாயிறு மதியத்துக்கு முன் பக்கங்களை மட்டும் 60ஆக இறக்கி, சிறந்த பகுதியை 120 ஆக்கினால் 38,480 வெள்ளி. ஸோன் வரைபடத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. விலைப் பட்டியலில் இரண்டே எண்கள் மாறின. குழுக் கூட்டத்தில் யாராவது "மாடி முன்வரிசையை 80 வைத்தால் என்ன?" என்று கேட்டால், 44 இருக்கை, ஆளுக்கு 20 குறைவு, 880 வெள்ளி என்று அங்கேயே பதில் சொல்லலாம். விலை பற்றிய விவாதம் அப்போதுதான் உருப்படியாக நடக்கும்.

முன் மூன்று வரிசைக்கு ஏன் 150 வைக்கவில்லை என்று கேட்பீர்கள். இந்த இடத்தில்தான் நம் நிகழ்ச்சிகளுக்குப் பலரும் அரங்கின் பொதுவான வரைபடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்கிறார்கள். பரதநாட்டியத்தில் பாதம்தான் பாதி நடனம். மேடை உயரமாகவும் தரை சரிவில்லாமலும் இருந்தால், முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு நட்டுவாங்கம் காதில் விழும், ஆனால் பாதம் தட்டி ஆடும் தட்டடவு கண்ணில் படாது. முகபாவம் பார்க்கக் கழுத்தை நிமிர்த்தியே இருக்க வேண்டும். நாட்டிய நாடகமென்றால் இன்னும் ஒன்று கூடுகிறது. இருபது பேர் மேடையில் வட்டமும் பிறையுமாக அமையும்போது அந்த வடிவம் தெரிய வேண்டுமே. அதற்கு மாடியின் முதல் வரிசைதான் நல்ல இடம். கீழ்த்தளத்தின் கடைசி வரிசைகளில், மாடியின் அடிப்பக்கம் தலைக்கு மேல் வந்து ஒலியை அமுக்கிவிடும். மேடைக்கு அவை கிட்டத்தில் இருந்தாலும் மாடி முன்வரிசையைவிட மட்டமான இருக்கைகள். கர்நாடக இசைக் கச்சேரி என்றால் கதை வேறு. அதற்கு முன்வரிசைதான் ரசிகர்கள் போட்டி போடும் இடம். பாடகர் கையால் தாளம் போடுவதையும் மிருதங்கக்காரர் அவரைப் பார்த்துச் சிரிப்பதையும் பார்க்கத்தானே அங்கே உட்காருகிறார்கள். மேடை நாடகத்துக்கு, முகம் தெரியும் தூரம் வரை நல்ல இருக்கை, அதற்கப்பால் சுமார்.

ஆகவே முன் மூன்று வரிசையைத் தனி ஸோனாக வெட்டி வையுங்கள். நடனத்துக்கு 100, கச்சேரிக்கு 150. வரைபடம் ஒன்றே.

வரைபடம் போடுவதற்கு முன் ஒரு நாள் அரங்குக்குப் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இதை மட்டும் தவிர்க்காதீர்கள். மேடையின் முன் விளிம்பில் ஒருவரை அரைமண்டியில் (முழங்காலை மடித்த நடன நிலையில்) நிற்கச் சொல்லுங்கள், இன்னொருவரைப் பின்திரைக்குப் பக்கத்தில். ஒவ்வொரு வரிசையின் ஓரத்திலும் நடுவிலும் உட்கார்ந்து, இருவரின் பாதமும் தெரிகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்திரையால் மேடையின் எந்த மூலை வெட்டுப்படுகிறது என்று பாருங்கள். ஒலிபெருக்கி அடுக்கு எங்கே நிற்கும், காணொளிக் கருவி எங்கே நிற்கும், ஒலி ஒளிக் கட்டுப்பாட்டு மேசை எத்தனை இருக்கைகளை விழுங்கும் என்று தொழில்நுட்பக்காரரிடம் கேட்டு, அந்த இருக்கைகளை விற்பனை தொடங்கும் முன்பே மூடிவிடுங்கள். விற்ற பிறகு "உங்கள் இருக்கையில் கேமரா வைக்கிறோம்" என்று ஒரு பாட்டியிடம் சொல்லும் நிலை எந்தத் தொண்டருக்கும் வரக் கூடாது.

கோட்டை எங்கே இழுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். நம் மக்கள் ஒருவர் இருவராக வருவதில்லை. மகள் ஆடுகிறாள் என்றால் தாத்தா, பாட்டி, சித்தப்பா குடும்பம், பக்கத்து வீட்டார் என்று ஆறேழு பேர் வருவார்கள். சேர்ந்துதான் உட்காருவார்கள். வரிசையின் நடுவில் மூன்று இருக்கைக்கு ஒரு ஸோன் என்று துண்டாடினால், அந்தக் குடும்பத்தில் பாதிக்கு 150, பாதிக்கு 100 என்று வரும். அவர்கள் வாங்காமலே போய்விடுவார்கள், அல்லது அலுவலகத்துக்குத் தொலைபேசி போட்டு அரை மணி நேரம் பேசுவார்கள். ஆகவே ஸோன் எல்லை முடிந்தவரை நடைபாதையில் விழட்டும், அல்லது ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையில் விழட்டும். இடமும் வலமும் பிரிந்து கிடக்கும் பக்கவாட்டு இருக்கைகளை ஒரே ஸோனாக வைக்கும்போது, 'சிறந்த இருக்கையைத் தானே தேர்ந்தெடு' என்ற வசதி இருக்கைகளை எந்த ஒழுங்கில் தேடுகிறது என்பதையும் சரிபாருங்கள். அந்த ஒழுங்கைச் சரியாகக் கொடுக்காவிட்டால் நான்கு பேரில் இருவரை இடப்பக்கமும் இருவரை வலப்பக்கமும் உட்கார வைத்துவிடும். தனித்த ஒற்றை இருக்கை மிஞ்சாமல் பார்க்கும் அமைப்பும் இருந்தால் போட்டுவிடுங்கள், ஆனால் கடைசி சில நாட்களில் அதை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் மிஞ்சியதை யாருமே வாங்க முடியாது.

அடுத்தது பிரமுகர் வரிசை. டத்தோ பட்டம் பெற்றவர்கள், ஆதரவாளர்கள், பள்ளி நிர்வாகிகள், ஊடகத்தார் என்று முன்னிருக்கைகளை ஒதுக்குவது நம் வழக்கம், அதில் தப்பில்லை. ஆனால் அதற்காக 'விஐபி' என்று ஒரு ஸோன் உருவாக்கி விலையைச் சுழியம் என்று போடுவது பெரிய தொந்தரவு. ஒதுக்கீடு என்பதற்கு அமைப்பில் தனி வசதி இருக்கிறது. ஹோல்டு என்று சொல்வார்கள். இருக்கை தன் ஸோனிலேயே இருக்கும், விலையும் அப்படியே இருக்கும், ஆனால் பொதுமக்களுக்குத் திறக்காது. 20 பேர் வருவதாகச் சொல்லி 12 பேர்தான் உறுதி செய்தார்கள் என்றால், மீதி எட்டு இருக்கைகளின் ஹோல்டை எடுத்தவுடன் அவை உரிய விலைக்கு விற்பனைக்கு வந்துவிடும். விஐபி ஸோனாக இருந்தால் அந்த எட்டும் சுழிய விலையிலேயே கிடந்து, நிகழ்ச்சி அன்று மேடைக்கு நேர் எதிரே காலியாக நிற்கும். ஆடும் பிள்ளைகள் முதலில் பார்ப்பது அந்தக் காலி நாற்காலிகளைத்தான். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. ஒதுக்கும்போதே விடுவிக்கும் நாளையும் எழுதி வைத்துவிடுங்கள், காட்சிக்கு ஏழு நாள் முன்பு என்று. யார் பேருக்கு எத்தனை என்று ஒவ்வொரு ஒதுக்கீட்டுக்கும் தனிப் பெயர் கொடுங்கள்.

இலவச டிக்கெட்டும் அப்படித்தான், அது ஸோன் அல்ல, டிக்கெட் வகை. பெரியவர், மாணவர், மூத்த குடிமக்கள், குழுவாக வாங்குவோர், இலவசம் என்று ஐந்து வகை. எட்டு ஸோனும் ஐந்து வகையும் சேர்ந்தால் ஒரு காட்சிக்கு 40 கட்டங்கள், இரண்டு காட்சிக்கு 80. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் நிரப்பி, இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். இதனால்தான் ஸோன்களை இஷ்டத்துக்குப் பெருக்கவும் கூடாது என்கிறேன். 500 இருக்கை அரங்குக்கு ஏழிலிருந்து பத்து போதும். கோலாலம்பூரின் தேசிய அரங்கான இஸ்தானா புடாயாவின் பங்கோங் சாரி அரங்கு போல மூன்று தளங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள் இருந்தால் பதினைந்து வரை போகலாம். பினாங்கில் ஸ்ட்ரெய்ட்ஸ் கீயில் உள்ள பினாங்பேக் கலை மையத்தின் பெரிய மேடை முந்நூறு இருக்கை அளவுதான், அங்கே ஐந்தே தாராளம்.

விலைக் கழிவு கொடுக்கும்போது மிகக் குறைந்த விலை ஸோனுக்குக் கொடுக்காமல் விடலாம் என்பது என் கருத்து. 30 வெள்ளி ஏற்கனவே ஒரு மாணவர் வாங்கக்கூடிய விலை. அதற்குப் பதில் நல்ல இருக்கைகளில் மாணவர் விலையைத் தாராளமாக வையுங்கள். நடனம் கற்கும் பிள்ளை பாதம் தெரியும் இடத்தில் உட்கார வேண்டும். 150ஐ மாணவருக்கு 75 ஆக்கி, அந்த வகையில் ஒரு காட்சிக்கு இத்தனைதான் என்று வரம்பு வைத்துவிட்டால் வரவுக்கும் பெரிதாக அடி விழாது.

சக்கர நாற்காலி இடங்களை மேலே உள்ள 500இல் நான் சேர்க்கவில்லை, வேண்டுமென்றே. அவை அரங்கில் எங்கே இருக்கின்றனவோ அங்கேதான் இருக்கும், வருபவருக்குத் தேர்வு கிடையாது. முன்பக்கத்தில் மட்டும் இருந்தால் அவர் 150 கொடுத்தே ஆக வேண்டும் என்றாகிவிடும். எல்லோருக்கும் 30 வெள்ளிக்கு ஒரு வழி இருக்கும்போது அவருக்கு மட்டும் இல்லை என்பது நியாயமே இல்லை. ஆகவே இவற்றைத் தனி ஸோனாகப் பிரித்து, அரங்கின் மிகக் குறைந்த விலையை வையுங்கள். துணைக்கு வருபவரின் இருக்கையும் அதே ஸோனில், அதே விலையில் இருக்கட்டும். ஓ.கே.யூ. அட்டை (மாற்றுத்திறனாளி அட்டை) வைத்திருந்தும் சக்கர நாற்காலி தேவைப்படாதவர்களுக்கு எல்லா ஸோனிலும் ஒரு டிக்கெட் வகை கொடுத்துவிடுங்கள்.

ஸோனுக்குப் பெயர் வைக்கும்போது இடத்தை வைத்தே பெயர் வையுங்கள்: கீழ் நடு முன், கீழ் பக்கம் பின், மாடி முன். 'தங்கம்', 'வைரம்' எல்லாம் வாங்குபவர் பார்க்கும் பெயராக வேண்டுமானால் இருக்கட்டும், அதற்குத் தனி இடம் இருக்கும். உள்ளே இருக்கும் பெயர் மூன்று ஆண்டு கழித்தும் பொருள் மாறாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த நிகழ்ச்சிக்குத் திட்டமிடும்போது, எந்தப் பகுதி முதல் வாரத்தில் தீர்ந்தது, எது கடைசி வரை தேங்கியது என்று பழைய காட்சிகளோடு ஒப்பிட முடியும். '100 வெள்ளி' என்று பெயர் வைத்துவிட்டு அதற்கு 120 விலை போட்டால் அறிக்கையைப் படிக்கும் கணக்காளர் என்ன நினைப்பார்? நான் பார்த்தவரை நம் நிகழ்ச்சிகளில் மிக உயர்ந்த விலையும் மிகக் குறைந்த விலையும்தான் முதலில் போகும், நடுவில் உள்ளவைதான் தேங்கும். எந்த நடு தேங்குகிறது என்று தெரிந்தால்தான் அடுத்த முறை அதைப் பாதியாக வெட்டலாம்.

வாங்குபவருடைய திரையில் ஒரே விலையுள்ள ஸோன்கள் ஒரே நிறத்தில் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். சில அமைப்புகள் ஸோனுக்கு ஒரு நிறம் என்று காட்டும், அப்போது ஒரே 100 வெள்ளி மூன்று நிறங்களில் தெரிந்து, வித்தியாசம் என்ன என்று கேட்டு அழைப்புகள் வரும்.

வரி விஷயம். கேளிக்கை வரி 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருவது, 25 சதவீதம் வரை போகலாம், வசூலும் விலக்கும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். இதையும் டிக்கெட் நிறுவனத்தின் கட்டணத்தையும் ஸோன் விலைக்குள் திணித்துவிடாமல், விலையின் தனி அடுக்குகளாகப் போடுங்கள். இதே நாட்டிய நாடகத்தைப் பினாங்குக்குக் கொண்டுபோனால் அரங்கும் வேறு, ஸோன் வரைபடமும் வேறு, வரியும் வேறாக இருக்கலாம். ஆனால் டிக்கெட் வகைகளும் கழிவு விதிகளும் அப்படியே பொருந்தும். உரிமம் கேட்கும்போதே உள்ளூர் மன்றத்திடம் வரியையும் விலக்கையும் பேசி முடித்துவிட்டு, அப்புறம் விலையை அறிவியுங்கள்.

விற்பனை நடக்கும்போது விலையை மாற்றுவது பற்றியும் ஒரு வார்த்தை. நன்றாகப் போகும் பகுதியில் மிச்சமிருக்கும் இருக்கைகளுக்கு விலை ஏற்றுவது தப்பில்லை, முதலில் வாங்கியவர் லாபப்பட்டார் என்றுதான் இருக்கும். இறக்குவதுதான் ஆபத்து. நம் சமூகம் சிறியது. 100 கொடுத்து வாங்கிய அக்காவும் 60 கொடுத்து வாங்கிய அக்காவும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருப்பார்கள். அடுத்த ஆண்டு இருவருமே கடைசி வாரம் வரை காத்திருப்பார்கள், உங்களுக்கு அரங்க வாடகை கட்டக்கூடக் கையில் பணம் இருக்காது. தேங்கினால் அறிவித்த விலையைத் தொடாமல், தமிழ்ப்பள்ளிகளுக்குக் குழு விலை, முதியோர் இல்லங்களுக்கு ஒதுக்கீடு என்று டிக்கெட் வகை வழியாக நிரப்புங்கள்.

சரி, இப்போது உங்கள் கையில் இருக்கும் காரியம். சனிக்கிழமைக் காட்சியைத் தொடாதீர்கள். 80 டிக்கெட் விற்ற பிறகு அதன் ஸோன்களைப் பிரிக்கப் போனால் வரும் நன்மையைவிட வம்பு அதிகம். அது அந்த நான்கோடே முடியட்டும். ஞாயிறு விற்பனை இன்னும் திறக்கவில்லை என்றால் அதற்கு மட்டும் புது ஸோன் வரைபடம் செய்யுங்கள். திறந்தும் ஒன்றும் விற்கவில்லை என்றால், முதலில் மூடிவிட்டுச் செய்யுங்கள். பிரமுகர் ஒதுக்கீடுகள் ஏதாவது போட்டிருந்தால் புது வரைபடத்தில் அவை அப்படியே நிற்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

திறப்பதற்கு முந்தைய நாள் ஒவ்வொரு ஸோனிலும் ஒவ்வொரு வகையிலும் ஒரு டிக்கெட் சோதனைக்கு வாங்கிப் பாருங்கள். எல்லை வரிசைகளில் கட்டாயம். நடுப்பகுதியில் 3ஆம் வரிசையின் கடைசி இருக்கை 100 காட்டுகிறதா, 4ஆம் வரிசையின் முதல் இருக்கை 120 காட்டுகிறதா? சோதனை டிக்கெட்டுகளைத் திரும்பப்பெற்று, இருக்கைகள் மறுபடி விற்பனைக்கு வந்துவிட்டனவா என்றும் உறுதி செய்யுங்கள். எல்லா ஸோன்களின் இருக்கைகளையும் கூட்டினால் அரங்கின் மொத்த எண்ணிக்கை வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் எந்த ஸோனிலும் சேராத ஓர் இருக்கை எங்கோ இருக்கிறது, அதைக் கண்டுபிடித்த பிறகே விற்பனையைத் திறங்கள். எந்த அமைப்பைப் பயன்படுத்துகிறீர்கள் என்றும், அரங்கின் வரிசை எண்ணிக்கையையும் எழுதி அனுப்பினால், கோடுகளை எங்கே இழுக்கலாம் என்று வரைந்தே காட்டுகிறேன்.